பிள்ளைக் காம்பராவும் தாயின் ஒரு மணி நேரமும்

மலையகத் தோட்டங்களிலே, தாய்மார் கொழுந்து கொய்யச் செல்லும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்திற்கு மக்கள் இட்ட பெயர் பிள்ளைக் காம்பரா. காம்பரா என்பது போர்த்துக்கேயர் வழியாக நம் பேச்சில் கலந்த சொல். அறை என்பது அதன் பொருள். லயத்திலே குடும்பம் வாழ்வதும் காம்பராவில்தான். குழந்தை பகற்பொழுதைக் கழிப்பதும் காம்பராவில்தான். இன்று அதன் உத்தியோகபூர்வப் பெயர் சிறுவர் அபிவிருத்தி நிலையம். இவ்விரு பெயர்களுக்கும் இடையில் எவை மாறின, எது மாறவில்லை என்பதை, மலைநாட்டுச் செய்திகளைப் பல்லாண்டுகள் எழுதியவன் என்ற முறையில் இங்கு பதிவு செய்ய விரும்புகின்றேன்.

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் வருவதும் போவதும் பருவத்தைப் பொறுத்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது அந்த நிலை மாறியது. தேயிலைக்கு அறுவடைக் காலம் என்று ஒன்று கிடையாது. ஏழு, பத்து நாட்களுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும், அதே செடியிலே கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் மலையில் நிலைகொண்டன. விடியலில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க வேண்டிய தாய், கைக்குழந்தையை என்ன செய்வாள்? இந்தக் கேள்விக்குத் தோட்ட நிர்வாகம் கண்ட விடைதான் பிள்ளைக் காம்பரா. கூரை மரத்திலே வரிசையாகத் தொங்கும் சேலை ஏணைகள், நடுவில் ஓர் ஆயா. பெரும்பாலும் மலையேறிக் கொழுந்தெடுக்க உடல் இடங்கொடாத வயதான பெண். தாயின் இரு கைகளையும் தேயிலைக்கு விடுவிப்பதே அந்த இடத்தின் நோக்கம். குழந்தை அழாமலும் விழாமலும் இருந்தால் கடமை முடிந்தது.

சட்டத்தின் பார்வையும் இதிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்தின் மீது சுமத்தியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் கல்வியின் கணக்கில் சேரவில்லை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிற்காலத்தில் திருத்தப்பட்டபோது, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உரிமையாயின. பிள்ளைக் காம்பரா இருக்குமிடத்தில் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். இல்லாவிடில் ஒரு மணி நேரம். இந்த ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன். தாயின் வேலை நேரத்தில் குழந்தைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நமது சட்டம் ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று.

உலகின் வேறு இடங்களில் இதே காலத்தில் வேறொரு மரபு வளர்ந்தது. 1916இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனைவியர் பன்னிருவர் கூடித் தம் குழந்தைகளுக்கெனக் கூட்டுறவு முறையில் ஒரு பாலர் பள்ளியை ஆரம்பித்தனர். 1941இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், கணவன்மார் போருக்குச் சென்ற காலத்தில், தாய்மார் முறைவைத்து நடத்திய விளையாட்டு நிலையங்கள் தோன்றின. அங்கு பெற்றோரே நிர்வாகிகள், பெற்றோரே உதவி ஆசிரியர்கள்; குழந்தைகளின் விளையாட்டே பாடம். மண்ணும் நீரும் மரக்கட்டையும் பாடப் புத்தகங்கள். அந்தத் தாய்மாருக்குப் பகலில் ஓய்வான சில மணி நேரங்கள் இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. பிற்காலத்தில் பெண்கள் பெருந்தொகையாகச் சம்பள வேலைக்குச் சென்றபோது நியூசிலாந்திலும் அந்நிலையங்களின் தொகை சுருங்கியது.

அப்படியாயின் இது வசதி படைத்தோரின் முயற்சி மட்டுந்தானா? இல்லை என்கிறது இத்தாலி. 1945இல் போர் முடிந்த கையோடு, ரெஜியோ எமிலியா நகருக்கு அருகிலுள்ள வில்லா செல்லா என்ற சிற்றூரின் உழவரும் தொழிலாளரும், ஜெர்மானியப் படை விட்டுச் சென்ற ஒரு தாங்கியையும் சில லொறிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் தம் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டினர். அதைக் கேள்வியுற்றுச் சைக்கிளில் பார்க்கப் போன இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸி பின்னர் அங்கேயே பணியாற்றினார். விளையாட்டையும் பெற்றோரையும் மையமாகக் கொண்ட ரெஜியோ முறை இன்று உலகறிந்தது. அதன் அத்திவாரத்தை இட்டவர்கள் ஏழைகள்.

அதே 1940களில் நம் மலையகத்தில் நடந்தது வேறு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எந்த நாட்டில் பிள்ளை வளரப்போகிறது என்றே தெரியாத தகப்பன், தனக்குச் சொந்தமில்லாத மண்ணில் எந்தப் பள்ளிக்குக் கல் சுமப்பான்? 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களின் குழந்தை இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டியது. அப்போது பிரச்சினை குழந்தை விளையாடுமா என்பதன்று, பிழைக்குமா என்பதே.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. தோட்டச் சமூக நலனுக்கென அமைக்கப்பட்ட நிதியம் 2002இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறியது. பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தனர். கிழவியின் இடத்தில் பெரும்பாலும் தோட்டத்திலேயே பிறந்து படித்த இளம்பெண்கள். நிறை அளக்கும் அட்டை, சத்துணவு, வர்ணச் சுவர், விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் சேர்ந்தன. 2015இல் உலக வங்கி அனுமதித்த 5 கோடி டொலர் ஆரம்பப் பிள்ளைப்பருவத் திட்டத்திலும் பெருந்தோட்டங்களுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. இவை சிறிய முன்னேற்றங்கள் அல்ல.

ஆனால் விளையாட்டு? டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் நிலையத்திலே சில சிறுவர்கள் விளையாடுவதை ஒருமுறை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இலைகளைப் பொறுக்கி வந்து நிறுத்துக் கொடுத்தார்கள். ஒரு கம்பும் இரண்டு சிரட்டைகளுமே தராசு. கணக்கப்பிள்ளையாக நின்ற சிறுமி, “ரெண்டு கிலோ கழிவு!” என்று அதட்டினாள். கொடுத்தவன், “நா நனையாமத்தானே கொண்டாந்தேன்!” என்று வாதாடினான். நிறை, எண்ணிக்கை, பேச்சுத் திறன், நியாய உணர்வு ஆகிய நான்கும் அந்தச் சிறு ஆட்டத்தில் இருந்தன. மழை ஈரத்துக்கென்று தாயின் கொழுந்தில் கிலோக் கணக்கில் கழிப்பதைப் பிள்ளை எங்கிருந்தோ அறிந்திருக்கிறது. அதை ஆடிப்பார்த்துப் புரிந்துகொள்ள முயல்கிறது. விளையாட்டு வழிக் கல்வி என்று நூல்கள் கூறுவது இதைத்தான்.

அன்று மாலை பிள்ளையை அழைத்துப்போக வந்த ஒரு தாய் உத்தியோகத்தரிடம், “டீச்சர், எப்பப் பாத்தாலும் வெளையாடுதுங்களே, எழுத்து எப்பக் காட்டிக் குடுப்பீங்க?” என்று கேட்டார். அவரை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. லயத்திலிருந்து வெளியேறும் ஒரே பாதை எழுத்து என்பதை நான்கு தலைமுறை அவருக்குக் கற்பித்திருக்கிறது. அந்தச் சிறுமியின் தராசு ஆட்டத்தை அரை மணி நேரம் அவர் உட்கார்ந்து பார்த்திருந்தால், எழுத்தும் கணக்கும் அங்கேதான் முளைக்கின்றன என்பதைக் கண்டிருப்பார். பார்க்க அவருக்கு நேரமில்லை. பிள்ளை விளையாடும் வேளையில் அவர் மலையில் நிற்கிறார்.

பெற்றோர் பங்களிப்பு என்று அறிக்கைகள் பேசும்போது நான் இதையே எண்ணுகின்றேன். மாதக் கூட்டத்துக்கு வருவது, சிரமதானத்தில் புல் வெட்டுவது, கலைவிழாவுக்கு உடை தைப்பது என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. கூட்டம் வேலை நேரத்தில் வைக்கப்பட்டால் தாய்க்கு அரைப்பேர் போய்விடும். தாலாட்டும் விடுகதையும் கதையும் பாட்டிமாரிடம் இருக்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களே அந்தச் செல்வத்துக்குச் சாட்சி. தகரத்தில் வண்டியும் கம்பில் பம்பரமும் செய்யத் தெரிந்த தகப்பன்மார் இருக்கிறார்கள். இவற்றைப் பிள்ளைகளிடம் கொண்டுவரும் நேரம் மட்டும் இல்லை.

கூட்டுறவு என்பதும் தோட்டங்களுக்கு அந்நியமன்று. 1990களிலிருந்து வீடமைப்புக்கெனத் தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்கியுள்ளன. வீட்டுக் கடனுக்காகக் கூடியவர்கள் குழந்தைகளின் நிலையத்திற்காகக் கூட முடியாதா? முடியும், ஒரு நிபந்தனையுடன். பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் இடைவேளை அளித்த சட்டம், மூன்று நான்கு வயதுப் பிள்ளையின் தாய்க்கும் தகப்பனுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரத்தை, பெயர் வெட்டப்படாமல், அளிக்க வேண்டும். கட்டடமும் சாமான்களும் ஏற்கெனவே கிடைத்துவிட்டன, உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்கவேண்டிய கோரிக்கை இதுவே. வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் தாய் கொய்யாமல் விடும் கொழுந்து எத்தனை கிலோ என்று கம்பனிகள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். அந்தக் கணக்கிலே, நூற்றைம்பது ஆண்டுகளாகக் கழிக்கப்பட்ட கழிவையும் சேர்த்துக்கொள்ளட்டும்.