ஓடும் குதிரையின் கால்கள்

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், என் நாற்காலிக்கு எதிரே பழைய குழுப்படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் தரையில் அமர்ந்துள்ள சிறுவர்களுள் ஒருவனுக்கு முகம் இல்லை. கழுத்துக்கு மேல் வெண்மையாக ஒரு மங்கல் மட்டுமே தெரியும். காமிராவின் மூடி திறந்திருந்தபோது தலையைத் திருப்பிவிட்டான் போலும். அசையாது இருந்தவர்க்கே அக்காலப் படத்தில் இடம் கிடைத்தது.

இதற்குப் புகழ்பெற்ற சான்று பாரிஸ் நகரத்தில் உண்டு. 1838ஆம் ஆண்டில் தாகெர் என்பவர் அந்நகரத்துப் பெருவீதி ஒன்றை உயரத்திலிருந்து படம் எடுத்தார். வண்டியும் மக்களும் நெருங்கும் வீதி அது; படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் ஒளி பதியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தமையால், நகர்ந்தவை யாவும் சுவடின்றி மறைந்தன. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒரு மனிதரின் உருவம் மாத்திரம் தங்கிற்று.

நாற்பது ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் ரயில்வே முதலாளியுமான லீலண்ட் ஸ்டான்போர்டுக்கு ஓர் ஐயம்: ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணமேனும் தரையை விட்டு எழுகின்றனவா? இதற்காக அவர் பெருந்தொகை பந்தயம் கட்டினார் என்று கதை வழங்குகிறது. ஆதாரமற்ற கதை; வகுப்பில் சொல்லச் சுவையானதுதான், ஆயினும் நான் சொன்னதில்லை.

எட்வர்ட் மைபிரிட்ஜ் என்னும் ஆங்கிலேயரை அவர் அமர்த்தினார். 1878 ஜூன் மாதம், பாலோ ஆல்டோ பண்ணையில், ஓடுபாதையின் ஓரமாகப் பன்னிரண்டு காமிராக்கள் 27 அங்குல இடைவெளியில் நிறுத்தப்பட்டன. பாதைக்குக் குறுக்கே நூல்கள். சாலி கார்ட்னர் என்ற குதிரை பாய்ந்து வந்து ஒவ்வொரு நூலாக அறுக்க, அதற்குரிய காமிரா இமைப்பொழுதினும் குறைந்த நேரம் திறந்து மூடிற்று. குதிரையே தன்னைப் படம் எடுத்துக்கொண்டது எனலாம்!

நான்கு கால்களும் எழத்தான் செய்தன. ஆனால் ஓவியர்கள் எண்ணியவாறு அன்று. 1821இல் ஜெரிக்கோ தீட்டிய எப்சம் பந்தய ஓவியத்தில் குதிரைகள் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களை பின்னும் நீட்டிப் பறக்கின்றன. காமிரா கண்ட கணத்திலோ, கால்கள் வயிற்றின் கீழ் மடங்கிக் கூடியிருந்தன. நாலுகால் பாய்ச்சல் என்று நாம் சொல்லும்போது மனத்தில் எழும் உருவமும் ஜெரிக்கோவினுடையதே அல்லவா? பிரான்சில் மாரே என்னும் உடலியல் அறிஞர் 1882இல், விநாடிக்குப் பன்னிரண்டு படம் பிடிக்கும் துப்பாக்கி வடிவக் காமிராவால் பறவைகளின் சிறகடிப்பை ஆராய்ந்தார்.

அதே 1882இல் ஸ்டான்போர்டின் ஆதரவில் குதிரையின் ஓட்டத்தைப் பற்றிய நூல் வெளிவந்தது. முகப்பில் மைபிரிட்ஜின் பெயர் இல்லை. வழக்குத் தொடுத்தார், வெற்றி கிட்டவில்லை. ஆயினும் சோர்ந்துவிடாமல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உழைத்து, 1887இல் விலங்குகளும் மனிதரும் இயங்கும் விதத்தை 781 படத்தாள்களாகத் தம் பெயரிலேயே வெளியிட்டார்.

எங்கள் பள்ளிப் படத்தின் அடியில் மாணவர் பெயர்கள் மையால் எழுதப்பட்டுள்ளன. ஓய்வு பெற்ற நாளன்று இடமிருந்து எண்ணி, முகமற்ற அந்தச் சிறுவனின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகே படியிறங்கினேன்.