8 கிளிகளும் ஒரு தபால்காரரும்

1978. கனடாவின் மான்ட்ரீல் நகரில் ஹாம் ரேடியோ பிரியர்கள் சிலர், கம்ப்யூட்டர் எழுத்துகளைப் பொட்டலம் கட்டி வானொலி அலையில் அனுப்பிப் பார்த்தார்கள். அதுதான் ஹாம்களின் பாக்கெட் ரேடியோவுக்கு ஆரம்பம்.

மலை தாண்டிப் போகணுமே? நடுவில் 'டிஜிபீட்டர்'களை வைத்தார்கள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் கிளிகள்! 1984-ல் வந்த ஏஎக்ஸ்.25 விதிப்படி அதிகபட்சம் 8 கிளிகள், அதாவது 9 தாவல். ஒவ்வொரு தாவலிலும் 100-க்கு 90 பிழைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் போய்ச் சேருவது? வெறும் 39! நடுவில் தொலைந்தால், மறுபடி முதலிலிருந்து.

1987-ல் நெட்/ராம் வந்தது. கிளி இருந்த இடத்தில் தபால்காரர். இந்த 'நோட்', பொட்டலத்தை வாங்கியதுமே 'கிடைச்சுது' என்று ரசீது கொடுக்கும். அடுத்த நோட் ரசீது தரும்வரை விடாது. தொலைந்தாலும் அந்த ஒரு தாவல்தான் மறுபடி. டிஜிபீட்டருக்கு முழு வழியையும் நீங்களே எழுதணும். இங்கே போகவேண்டிய நோட்டின் பெயரைச் சொன்னால் போதும். வழியை அதுகளே பேசி வைத்திருக்கும்!