துண்டுத்தாளில் விடுபட்ட ஒரு சொல்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கப்பட்டிருக்கும் மெல்லிய தாளை நாம் பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தாலும் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்துகளைக் கண்டு மறுபடியும் மடித்து வைத்துவிடுகிறோம். அந்தத் தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கருத்தடை மாத்திரையைப் பொறுத்தவரை, அது அமெரிக்கப் பெண்கள் குரலெழுப்பிப் பெற்ற தாள். அதில் ஒரு சொல் இல்லாதுபோனதற்காக ஒரு பெரும் நிறுவனம் நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சட்டப் பயிற்சி கிடையாது. ஆயினும் சொல் ஒன்றைப் பற்றிய வழக்கு என்றால் விலகிச் செல்ல மனம் வருவதில்லை.

கதை 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் தொடங்குகிறது. கிரெகரி பின்கஸ், ஜான் ராக் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் உருவாக்கிய மாத்திரை, சான் ஹுவான் நகரையடுத்த ரியோ பியத்ராஸ் குடியிருப்பில் வாழ்ந்த ஏழைப் பெண்களிடம் சோதிக்கப்பட்டது. அங்கே சோதனையை நடத்திய மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை கருவைத் தடுப்பது உறுதி என்று அறிவித்தார். பெண்களில் 17 விழுக்காட்டினர் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி எனத் துன்புறுவதையும், இது பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்பதையும் அவர் சேர்த்தே எழுதினார். பின்கஸ் அந்தத் துன்பங்களைப் பெரும்பாலும் மனம் சார்ந்தவை என்று ஒதுக்கினார். 'பக்கவிளைவு' என்ற சொல்லே இத்தகைய ஒதுக்கலுக்கு வசதி செய்து தருகிறதோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. ஆய்வாளருக்குப் பக்கத்தில் இருப்பது, அனுபவிப்பவளுக்கு நடுவில் அல்லவா இருக்கிறது?

சேர்ல் நிறுவனத்தின் 'எனோவிட்' என்ற அந்த மாத்திரைக்கு, கருத்தடைக்கெனவே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1960இல் ஒப்புதல் அளித்தது. இன்றைய மாத்திரைகளோடு ஒப்பிட்டால் அதிலிருந்த ஹார்மோன் அளவு பன்மடங்கு அதிகம். அடுத்த ஆண்டே, 'லான்செட்' இதழில் ஒரு பிரித்தானிய மருத்துவர், இம்மாத்திரையை உட்கொண்ட பெண்ணின் நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்துக்கொண்டதைப் பதிவு செய்தார். 1968இல் பிரித்தானிய ஆய்வுகள் மாத்திரைக்கும் இரத்த உறைவுக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தின. இவையெல்லாம் மருத்துவர்கள் படிக்கும் இதழ்களில் வந்தன. எச்சரிக்கைக் குறிப்புகளும் மருத்துவர்களுக்கே அனுப்பப்பட்டன. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 85 லட்சம் பெண்கள் நாள்தோறும் அதை விழுங்கிக்கொண்டிருந்தனர். அவர்கள் கையில் ஒரு வரியும் கிடைக்கவில்லை.

இந்த மௌனத்தை உடைத்தவர் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர். மாத்திரையின் தீங்குகளை மருத்துவர்களின் வாக்குமூலங்களைக் கொண்டே விரித்துரைக்கும் நூலை 1969இல் வெளியிட்டார். அதைப் படித்த செனட்டர் கேலார்ட் நெல்சன் 1970 ஜனவரியில் செனட் விசாரணையைக் கூட்டினார். மருத்துவர்களும் அறிஞர்களும் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். மாத்திரை உட்கொண்ட பெண் ஒருத்திகூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை. பார்வையாளர் இருக்கையில் இருந்த ஆலிஸ் உல்ஃப்சனும் தோழியரும் எழுந்து, ஏன் எங்களிடம் கேட்கவில்லை, ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று உரக்கக் கேட்டனர். அமைதி காக்குமாறு நெல்சன் பலமுறை சொல்லியும் அவர்கள் அடங்கவில்லை. அந்தக் காட்சி அன்றிரவே தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குள் சென்றது.

விளைவாக, மாத்திரையோடு பெண்ணின் கைக்கே செல்லும் எச்சரிக்கைத் தாள் கட்டாயமாயிற்று. ஆனால் அது பிறந்த விதம் வேடிக்கையானது. நிர்வாகம் முதலில் எழுதிய வரைவு ஏறத்தாழ 600 சொற்கள் கொண்டது. மருத்துவர் சங்கமும் மருந்து நிறுவனங்களும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே தாள் எதற்கு என்று எதிர்த்தன. இறுதியில் வெளிவந்த தாளில் நூறு சொற்களே மிஞ்சின. இரத்தம் முறையின்றி உறையலாம், அது உயிருக்கு ஆபத்தாகலாம், மேலும் அறிய மருத்துவரிடம் கையேடு கேட்டு வாங்குங்கள் என்ற அளவில் அது நின்றது. ஐந்நூறு சொற்களை வெட்டியவர்களுக்கு, எந்தச் சொல் பின்னாளில் சாட்சிக் கூண்டில் ஏறும் என்று தெரிந்திருக்க வழியில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் இளம்பெண் 1973 செப்டம்பரில், மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, ஆர்த்தோ நிறுவனத்தின் மாத்திரையை உட்கொள்ளத் தொடங்கினார். பெட்டியில் இருந்த எச்சரிக்கையைப் படித்தார். 1976 ஜூலையில் அவரது மூளைக்குச் செல்லும் தமனியை இரத்தக் கட்டி அடைத்தது. மூளைத் திசுவில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. நிரந்தரமாக உடல் முடங்கிய நிலையில் அவர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அவரது வாதம் எளிமையானது: 'ஸ்ட்ரோக்' என்ற சொல் அந்தத் தாளில் இருந்திருந்தால் நான் மாத்திரையைத் தொட்டிருக்க மாட்டேன்.

நிறுவனம் இரண்டு விடைகளை வைத்தது. இரத்த உறைவு உயிரைக் குடிக்கலாம் என்று தாளில் சொல்லியிருக்கிறோம்; மூளையில் கட்டி உண்டாகலாம் என்று கையேட்டிலும் சொல்லியிருக்கிறோம். இதற்குமேல் என்ன வேண்டும் என்பது முதல் விடை. மருந்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியது மருத்துவரையே. அவர் நோயாளிக்குச் சொல்லிக்கொள்வார் என்பது இரண்டாவது. அமெரிக்கச் சட்டத்தில் இதற்குக் 'கற்றறிந்த இடையாளர்' கோட்பாடு என்று பெயர். கற்றவர் ஒருவர் நடுவில் இருந்தால், செய்தவரின் பொறுப்பு அவரோடு நின்றுவிடும்.

முதல் விடையை நாம் தமிழில் பொருத்திப் பார்த்தோம். 'இரத்தம் உறைதல்' என்றால் நம் வீட்டுப் பெண்கள் காயத்தில் இரத்தம் கட்டுவதை நினைப்பார்கள். 'பக்கவாதம்' என்றால், கோணிய வாயும் தூக்க முடியாத கையுமாகத் திண்ணையில் கிடந்த ஒரு பெரியப்பாவின் முகம் உடனே முன்னால் வந்து நிற்கும். மருத்துவ நூலில் முன்னது காரணம், பின்னது காரியம். மக்கள் நாவில் இரண்டும் ஒன்றல்ல. அந்த வழக்கின் ஜூரிகளும் இப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும். எச்சரிக்கை போதாது என்று அவர்கள் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தனர். ஆனால் விசாரணை நீதிபதி, இடையாளர் கோட்பாட்டின்படி நிறுவனத்துக்குப் பெண்ணிடம் நேரடிக் கடமை இல்லை என்று அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டார்.

1985இல் மாநில உச்ச நீதிமன்றம் ஜூரிகளின் தீர்ப்பை மீட்டது. மாத்திரை மற்ற மருந்துகளைப் போன்றதன்று என்றது அத்தீர்ப்பு. உட்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பவள் நோயாளியல்ல, நலமாக இருக்கும் ஒரு பெண். மருத்துவரை ஆண்டுக்கொருமுறைதான் காண்கிறாள். ஆகவே அவளை நேரடியாக எச்சரிப்பது நிறுவனத்தின் கடமை. அரசு நிர்வாகம் கேட்ட சொற்களை அச்சிட்டுவிட்டோம் என்பதும் முழுமையான கேடயமாகாது. சாதாரண வாசகிக்கு ஆபத்தின் தன்மையும் தீவிரமும் விளங்கும்படி அந்தச் சொற்கள் இருந்தனவா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் ஜூரிகள். ஒரு தாளை எழுதியவரின் நோக்கிலிருந்து அல்லாமல் படிப்பவளின் நோக்கிலிருந்து படித்த தீர்ப்பு இது. அதனாலேயே நமக்கு இது இலக்கிய விமரிசனத்துக்கு அருகில் நிற்பதாகப் படுகிறது.

இந்த வெற்றியைப் பெரிதுபடுத்திவிடவும் கூடாது. பெரும்பாலான மாநிலங்கள் இடையாளர் கோட்பாட்டிலேயே நின்றுவிட்டன. அங்கெல்லாம் பாதிக்கப்பட்ட பெண், மருத்துவருக்கே போதிய எச்சரிக்கை தரப்படவில்லை என்று நிறுவ வேண்டும். அல்லது மருத்துவரின் கவனக்குறைவைக் காட்டி அவர்மீது வழக்காட வேண்டும். கான்சஸ் மாநிலத்தில் முதல் வழி பலித்தது. சிறுநீரகங்கள் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு, தண்டனைத் தொகையும் சேர்த்து 47.5 லட்சம் டாலர் வழங்கிய தீர்ப்பை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1984இல் உறுதிசெய்தது. எந்த வழியில் சென்றாலும் காலவரம்பு என்னும் கதவு மூடிக்கொண்டே வரும்.

பிரிட்டனில் சிக்கல் சொல்லில் இல்லை, எண்ணில் இருந்தது. மூன்றாம் தலைமுறை மாத்திரைகள் முந்தியவற்றைவிட உறைவு அபாயத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகின்றன என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு 1995 அக்டோபரில் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. நூறு பேரளவில் வழக்காடினர். பாதிப்பு அந்த மாத்திரையால்தான் நேர்ந்திருக்கும், வேறு எதனாலும் அன்று என்பதைப் பாதிக்கு மேற்பட்ட நிகழ்தகவோடு காட்டவேண்டுமானால், அபாயம் இரண்டு மடங்கைத் தாண்ட வேண்டும். 2002 ஜூலையில் நீதிபதி மக்கே, சான்றுகள் காட்டும் அளவு 1.7 மடங்குதான் என்று முடிவு செய்தார். வழக்கு அத்தோடு முடிந்தது. அந்த 0.3இல் எத்தனை குடும்பங்களின் துயரம் தங்கிவிட்டதோ! ஆயினும் சான்றின் தரத்தைப் பற்றிய அந்த வாதத்தை எளிதில் குறைசொல்லவும் நம்மால் இயலவில்லை.

பேயர் நிறுவனத்தின் 'யாஸ்', 'யாஸ்மின்' வழக்குகள் வேறு வகை. முகப்பருவும் மாதவிடாய்க்கு முந்தைய மனச்சோர்வும் தீரும் என்று மிகைப்படுத்திய தொலைக்காட்சி விளம்பரங்களைத் திருத்தி, 2 கோடி டாலர் செலவில் மறுவிளம்பரம் செய்ய அந்நிறுவனம் 2009இல் உடன்பட்டது. அதே ஆண்டு அமெரிக்கா முழுவதிலுமிருந்து வழக்குகள் இல்லினாய் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் திரட்டப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறைவு வழக்குகளுக்கு 200 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து பேயர் சமரசம் செய்துகொண்டது.

ஆனால் 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இந்தப் பாதையின் பெரும்பகுதியை அடைத்தது. பொதுப்பெயர் மருந்து தயாரிப்போர் மூல நிறுவனத்தின் எச்சரிக்கைத் தாளை எழுத்துக்கு எழுத்து நகலெடுக்கச் சட்டத்தால் கட்டுப்பட்டவர்கள். ஆகவே அதில் ஒரு சொல் குறைகிறதென்று மாநிலச் சட்டத்தின்கீழ் அவர்கள்மீது வழக்காட முடியாது என்றது அது. மூல நிறுவனத்தின்மீது வழக்காடலாம் என்று அதே நீதிமன்றம் 2009இல் சொல்லியிருந்தது. மருந்துக்கடையில் விலை குறைந்த பெட்டியைக் கேட்டு வாங்கும் அமெரிக்கப் பெண்ணிடம், அவள் கையிலிருக்கும் தாளில் ஒரு சொல் விடுபட்டிருந்தாலும் அதைக் கேட்கும் உரிமை அந்தப் பெட்டியோடு வருவதில்லை என்று கடைக்காரர் சொல்வதில்லை.