கல்வராயன் மலை ஓடைப் பெயர்கள்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். கோமுகி, மணிமுக்தா ஆறுகள் பிறப்பது இங்கேதான். மலையாளிப் பழங்குடியினர் வழங்கும் ஓடைப் பெயர்களில் மிகச் சிலவே வரைபடம் ஏறின.

காரணம் நில அளவையின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1802-இல் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைக்குத் தேவைப்பட்டவை குன்றின் உச்சிகள். பள்ளத்தில் ஓடும் நீர் அல்ல. 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையரான காலின் மெக்கன்சி இதற்கு விதிவிலக்கு. உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்பி, ஊர் வரலாற்றுக் குறிப்புகளான கைபீதுகளைத் திரட்டினார். அவற்றில் ஒரு பகுதி சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. பின்னர் 1827 முதல் வெளிவந்த 'இந்திய அட்லஸ்' தாள்களில் நான்கு மைலுக்கு ஓர் அங்குலம். அந்த அளவில் அருவிக்குப் பெயர் எழுத இடமேது? மைலுக்கு ஓர் அங்குலத் தாள்கள் வந்த பிறகே சிற்றோடைகள் கோடுகளாகத் தெளிந்தன. கோடு கிடைத்தது, பெயர் எல்லாவற்றுக்கும் கிடைக்கவில்லை.

மலையின் ஆட்சிமுறையும் இதற்குத் துணைபோனது. 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை இங்கே வரி வாங்கியவர்கள் ஜாகிர்தார்கள். சமவெளியில் ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கணக்கில் ஓடையும் வாய்க்காலும் புறம்போக்கும் பெயரோடு பதிவாயின. மலை ஊர்களுக்கு அந்த ஏற்பாடு பிந்தியே வந்தது.

கோமுகி அணைக்கு நீர் தரும் ஓடைகளைப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும். கல்படை, பொட்டியம், மாயம்பாடி, பரங்கிநத்தம் என்று அவை தாம் கடந்துவரும் ஊர்களின் பெயராலேயே அறியப்படுகின்றன. எந்தப் பக்கம் மழை பெய்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். அணைக்கு நீர்வரத்துச் செய்தி எழுதும் நாளிதழ்கள் இன்றும் இப்பெயர்களைக் கைவிடவில்லை. சிறிய அளவு வரைபடத்திலோ எல்லாம் ஒரே கோமுகி.

எழுத்து மாற்றம் இன்னொரு சேதம். பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத அளவைத் துறை பின்பற்றிய ஹண்டர் முறையில் ரகரமும் றகரமும் ஒன்றே. ல, ள வேறுபாடும் நிற்காது. வெள்ளிமலைச் சாலையிலுள்ள அருவியைச் சிலர் 'பெரியார்' என்றும் சிலர் 'பெரியாறு' என்றும் எழுதுவதற்கு ரோமன் எழுத்தும் இடம் கொடுக்கிறது. பெரிய ஆறு என்ற பொருள் நிற்கும் 'பெரியாறு' என்பதே ஏற்கத்தக்கது. ஆகவே ஓடைப் பெயரை முதலில் தமிழ் எழுத்தில், சொல்பவரின் உச்சரிப்போடு, இரு கரை ஊர்களிலும் கேட்டு எழுதியாக வேண்டும்.

2020-இல் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்தி ஆணையிட்டு, சில நாளில் திரும்பப் பெற்றது. அது ஊர்களுக்கான பட்டியல், ஓடைகளுக்கானது அல்ல.