உறையூர்ச் சுருட்டும் கேமரன் மலைத் தேயிலையும்

ஓர் ஊரின் பெயர் கடல் கடந்து பரவுவதற்கு மன்னர்தம் படையெடுப்பும் புலவர்தம் பாடலும் மட்டுமே காரணமாக அமைவதில்லை. சில வேளைகளில் ஓர் இலையே அப்பணியைச் செய்து முடித்துவிடுகிறது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குப் புகழ் தேடித் தந்தது தேயிலை. திருச்சிராப்பள்ளியின் பெயரை இலண்டன் மாநகரத்து மாளிகைகளுக்குள் கொண்டு சேர்த்தது புகையிலை. இவ்விரண்டு இலைகளின் வரலாற்றையும் தனித்தனியே படிப்போர் உளர். ஆயினும் அவற்றை அருகருகே வைத்து நோக்கும்பொழுதுதான் தமிழ்த் தொழிலாளரின் கைகள் எவ்வளவு தொலைவு நீண்டிருந்தன என்பது புலனாகும்.

முதற்கண் சொல்லை நோக்குதல் வேண்டும். சுருட்டுதல் என்னும் தொழிலினின்று பிறந்த பெயரே ‘சுருட்டு’. இலையைச் சுருட்டிச் செய்வதால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. இத்தமிழ்ச் சொல்லே போர்த்துகீசியர் நாவில் ‘சருத்தோ’ எனவும் ஆங்கிலேயர் நாவில் ‘செரூட்’ எனவும் திரிந்தது. மலாய் மொழியிலும் இன்றளவும் ‘செருட்’ என்றும் ‘செருட்டு’ என்றும் அது வழங்குகிறது. கடைத்தெருவில் அம்மலாய்ச் சொல்லைக் கேட்கும் தமிழ் மாணவன், தன் தாய்மொழிச் சொல்லொன்று வேற்றுடை அணிந்து வந்திருப்பதை அறியாமலேயே கடந்து செல்கிறான்.

சொல் தமிழாயினும் பயிர் தமிழகத்துக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய புகையிலையை இந்தியாவுக்குக் கொணர்ந்தவர் போர்த்துகீசியர். புதிதாய் வந்த இப்பொருள் விரைவிலேயே தமிழர் வாழ்வில் இடம்பெற்றது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பும் வகையில் ‘புகையிலை விடு தூது’ என்னும் சிற்றிலக்கியத்தையே இயற்றினார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அந்நூலைப் பதிப்பித்து அழியாமற் காத்தார். அன்னத்தையும் முகிலையும் தூது விட்ட மரபில் புகையிலையும் சேர்ந்ததென்றால், அது மக்களிடையே பெற்றிருந்த செல்வாக்கை வேறு சான்றின்றியே உணரலாம்.

முற்காலச் சோழரின் தலைநகராய் விளங்கிய உறையூர், 19ஆம் நூற்றாண்டில் சுருட்டுத் தொழிலால் மீண்டும் பெயர் பெற்றது. திண்டுக்கல் வட்டாரத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை வண்டியேறி உறையூருக்கு வந்தது. அங்கே வீட்டுத் திண்ணைகளிலும் சிறு கூடங்களிலும் அமர்ந்து தொழிலாளர் சுருட்டுச் சுற்றினர். அவை ‘திருச்சிராப்பள்ளிச் சுருட்டு’ என்னும் பெயருடன் கப்பலேறின. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லிலேயே தொழிற்சாலை அமைத்துப் பெருமளவில் சுருட்டுச் செய்வித்தது. ஆர்தர் கானன் டாயில் 1887இல் வெளியிட்ட தம் முதல் துப்பறியும் புதினத்தில், கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதைச் சாம்பலைக் கொண்டே ஷெர்லாக் ஹோம்ஸ் கண்டறிவதாக எழுதினார். விளக்கம் ஏதுமின்றி அப்பெயரை எழுதிச் செல்லும் அளவிற்கு ஆங்கில வாசகர் அதனை அறிந்திருந்தனர்.

சுருட்டின் உயர்வு அதன் முதிர்ச்சியில் அடங்கியுள்ளது. பறித்த இலையைக் காற்றோட்டமுள்ள கொட்டகையில் தொங்கவிட்டு முதலில் உலர்த்துவர். பின்னர் இலைகளை அடுக்கி உயரமான அம்பாரமாகக் குவிப்பர். அம்பாரத்தின் உட்புறம் தானே வெப்பமேறும். வெப்பம் மிகுந்தால் இலை கருகிக் கெடும். குறைந்தால் பதம் வாராது. ஆகவே அம்பாரத்தைப் பலமுறை பிரித்து, உள்ளிருந்த இலை வெளியிலும் வெளியிருந்த இலை உள்ளிலும் அமையுமாறு மாற்றி அடுக்குவர். இவ்வாறு செய்யுங்கால் காரநெடி வெளியேறி, இலை நிறமும் மணமும் பெறும். கையை அம்பாரத்துள் நுழைத்தே பதமறியும் அனுபவசாலிகள் இத்தொழிலில் இருந்தனர். பின்னர் நடுநரம்பை நீக்கி, உள்ளிலையைக் கூட்டி, கட்டிலையால் பிணித்து, பழுதற்ற மேலிலையைச் சுற்றி முடிப்பர்.

செய்து முடித்த சுருட்டும் உடனே முழுமை பெற்றுவிடுவதில்லை. செல்வர்கள் அதனைப் பெட்டி பெட்டியாகத் தொகுத்து ஆண்டுக்கணக்கில் காத்து வைப்பர். ஏறத்தாழ 18 முதல் 21 பாகை செல்சியசு வெப்பமும், 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் அதற்கு உகந்தவை. மணமுள்ள செடார் மரப்பெட்டியே சிறந்தது. வெப்பம் மிகுந்தால் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து சுருட்டைத் துளைத்துவிடும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் படரும். ஈரம் குறைந்தால் மேலிலை வெடிக்கும். ஒழுங்காகக் காக்கப்பட்ட சுருட்டில் பல்லாண்டு கழிந்தபின் கடுமை தணிந்து மென்மணம் தோன்றும். ஆகவே பழஞ்சுருட்டுகள் ஏலத்தில் பெருவிலை பெறுகின்றன. கியூபாவின் ஹவானாச் சுருட்டே இவ்வுலகில் முதலிடம் வகிக்கிறது. வின்ஸ்டன் சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பினார் என்னும் செய்தி தமிழகத்தில் வழங்குகிறது. எனினும் 1895இல் கியூபா சென்று வந்த அவர், வாழ்நாள் முழுவதும் பெரிதும் நாடியது ஹவானாச் சுருட்டையே.

மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலும் புகையிலையின் வரலாறு தமிழரைத் தொட்டது. 1863இல் யாக்கோபஸ் நியன்ஹௌஸ் என்னும் டச்சுக்காரர் சுமத்திராவின் டெலி பகுதிக்கு வந்து புகையிலைப் பயிரைத் தொடங்கினார். அங்கு விளைந்த மெல்லிய மேலிலை ஐரோப்பியச் சந்தையில் உயர்விலை பெற்றது. சீனரும் சாவகரும் பெருந்தொகையினராய் உழைத்த அத்தோட்டங்களுக்குப் பினாங்கு வழியாகத் தமிழரும் சென்றனர். சாலை அமைத்தலும், வடிகால் வெட்டுதலும், மாட்டுவண்டி ஓட்டுதலும் அவர்தம் பணிகளாயின. 1880இல் இயற்றப்பட்ட கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறி வெளியேறும் தொழிலாளி தண்டனைக்கு உள்ளாவான். மேடான் நகரின் மாரியம்மன் கோயிலும், தமிழர் வாழ்ந்த பகுதியின் பெயரும் அக்கால வாழ்வின் எஞ்சிய சுவடுகள் ஆகும்.

இனி, இக்கதை கேமரன் மலையை வந்தடையும் வழியைக் காணலாம். சுருட்டை மேற்கே அனுப்பிய அதே திருச்சிராப்பள்ளி மாவட்டமே, மலாயாவுக்குத் தொழிலாளரை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. தஞ்சை, சேலம், வடார்க்காடு ஆகியனவும் அவ்வரிசையில் அடங்கும். கங்காணியின் சொல்லை நம்பிய மக்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் அவர்களைத் தள்ளின. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அவ்வோட்டம் நீடித்தது. ஒரே மண்ணிலிருந்து புறப்பட்ட சுருட்டு செல்வர் கைக்கும், மனிதர் தோட்டத்து வரிசை வீட்டுக்கும் சென்று சேர்ந்தனர்.

கேமரன் மலையை 1885இல் அளவாய்வு செய்தவர் வில்லியம் கேமரன். 1929இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. செங்குத்தான சரிவுகளில் காடழித்துச் செடி நட்டதிலும், கொழுந்து பறித்ததிலும் தமிழரின் பங்கு பெரிது. பறித்த கொழுந்தை ஆலையில் வாட்டி, உருட்டிச் சுருளச் செய்து, காற்றுப்பட வைத்து நிறமேற்றி, பின் உலர்த்துவர். சுருட்டுதல் என்னும் அதே தொழில் இங்கும் நிகழ்கிறது. உறையூரில் விரல்கள் செய்ததை இங்கே பொறி செய்கிறது என்பதே வேறுபாடு.

காப்பு முறையில் இரண்டும் எதிரெதிர் இயல்பின. ஆலையிலிருந்து வெளிவரும் தேயிலையில் ஏறத்தாழ 3 விழுக்காடு ஈரமே இருக்கும். அது கூடினால் தேயிலை கெடும். சுருட்டுக்கோ 12 முதல் 14 விழுக்காடு ஈரம் வேண்டும். அது குறைந்தால் சுருட்டு கெடும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவின் சராசரி வெப்பம் 18 பாகையளவில் அமைகிறது. வண்டுக்கு அஞ்ச வேண்டாத குளிர்ச்சி அது. ஆயினும் மலைமுகட்டில் எந்நேரமும் தவழும் மூடுபனி பூஞ்சணத்துக்கு விருந்தாகும். ஆதலால் இம்மலையில் சுருட்டைச் சேமிக்க எண்ணுவோர் ஈரத்தை ஊட்டுவதைக் காட்டிலும் ஈரத்தைத் தடுப்பதிலேயே கருத்தூன்றுதல் வேண்டும்.

எனினும் தோட்டத் தமிழரிடம் சுருட்டுச் சேமிக்கும் பேழை இல்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர்கள் சுருட்டைச் சேமித்த இடம் வேறு. மலேசியத் தோட்டப்புறங்களில் முனீசுவரருக்கும் மதுரை வீரனுக்கும் படையல் இடுங்கால் சுருட்டும் இடம்பெறுவதைக் காணலாம். ஊர்க்காவல் தெய்வத்துக்கு உகந்தது சுருட்டு என்பது தமிழகச் சிற்றூர்களின் நம்பிக்கை. கப்பலேறிய மக்கள் பெட்டியில் பொருளைக் கொணர இயலாவிடினும், அந்நம்பிக்கையை நெஞ்சிற் கொணர்ந்தனர். செல்வர் தம் நுகர்ச்சிக்காகச் சுருட்டை முதிர வைத்தனர். ஏழையர் தம் வழிபாட்டில் அதனை முதிர வைத்தனர்.

உறையூரின் தொழில் பின்னர் நலிந்தது. 1880களில் வழக்குக்கு வந்த சிகரெட்டுப் பொறியும், மலிவான பீடியும் சுருட்டின் சந்தையைக் குறைத்தன. 1947இல் ஆங்கிலேயர் வெளியேறியதும் முதன்மை வாடிக்கையாளரும் அகன்றனர். இன்று சிறிய அளவிலேயே அத்தொழில் எஞ்சியுள்ளது. புகையிலை வாய்ப்புற்றுக்கும் பிற கொடுநோய்களுக்கும் காரணமாவது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. சுருட்டும் அதற்கு விலக்கன்று. மலேசியாவில் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2024 அக்டோபர் முதல் நடப்பில் உள்ளது. ஆகவே அத்தொழிலின் வீழ்ச்சிக்காகக் கண்ணீர் வடிக்க வேண்டுவதில்லை. வருந்தத்தக்கது வேறொன்று.

பழஞ்சுருட்டைத் தொகுப்போர் அதன் பெட்டியையும், முத்திரையையும், ஆண்டையும் நுணுகிக் குறித்து வைக்கின்றனர். அதனைச் சுற்றிய உறையூர்த் தொழிலாளியின் பெயரைக் குறித்தவர் எவர்? தேயிலைப் பொதியில் தோட்டத்தின் பெயர் உண்டு. சரிவில் கூடை சுமந்த மூதாட்டியின் பெயர் உண்டோ? இலைக்குக் கிடைத்த பேணுதல் இலையைத் தொட்ட கைகளுக்குக் கிடைக்கவில்லை. இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளரே மிகுதியாக உழைக்கின்றனர். பழந்தலைமுறைத் தமிழர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். போ தோட்டத்தின் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் உள்ளன. அங்குப் பயிலும் மாணவர், தம் பாட்டன் பாட்டியர் எவ்வூரினின்று வந்தனர், எக்கப்பலில் ஏறினர், எத்தொழில் செய்தனர் என்பனவற்றைக் கேட்டு எழுதி வைப்பாராயின், அதுவே முதிரமுதிர மணம் கூடும் தொகுப்பாகும். காலம் தாழ்த்தாது அப்பணியைத் தொடங்கி வைப்பது தமிழாசிரியர்தம் கடன்.