ஓடுறதுக்கு ஒரு மாஸ்டர் டிகிரியா?

போன மாசம் சித்தப்பா போன் பண்ணினார். அஞ்சு நிமிஷத்துல வச்சிடுற மனுஷன், அன்னிக்கு அரை மணி நேரம் புலம்பினார். தம்பி (சித்தப்பா பையன்தான்) பயோடெக் முடிச்சுட்டு, உடற்பயிற்சி அறிவியல்ல எம்.எஸ். படிக்க அமெரிக்கா போவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறானாம். "ஓடுறதுக்கும் குதிக்கிறதுக்கும் மாஸ்டர் டிகிரியாடா? பி.டி. வாத்தியார் ஆகறதுக்கு வீட்டை அடமானம் வைக்கணுமா? நீ இன்ஜினியர், நீ சொன்னா கேப்பான்."

சரி, அவனை மடக்க நாலு பாயிண்ட் தேடுவோம்னு உட்கார்ந்தேன். ஆபீஸ்லயும் ஆணி கொஞ்சம் கம்மி. தேடித் தேடிக் கடைசில நானே கட்சி மாறிட்டேன் :-)

விஷயம் என்னன்னா, சித்தப்பா கேட்ட அதே கேள்வியை 1963லயே ஒருத்தர் கேட்டிருக்கார். லேசுப்பட்ட ஆள் இல்லை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர். அவர்கிட்ட போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திடுவோம்.

1891ல் ஹார்வர்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உடற்பயிற்சி மூணையும் சேர்த்து நாலு வருஷப் பட்டப்படிப்பு ஒண்ணு தொடங்கினாங்க. நடத்தினவர் ஜார்ஜ் வெல்ஸ் ஃபிட்ஸ் என்ற டாக்டர். உடற்பயிற்சி நல்லதுன்னு சும்மா சொன்னா போதாது, சோதனைக்கூடத்தில் அளந்து காட்டணும்னு நினைச்சவர். அவர் கிளம்பினதும் படிப்பும் படுத்துடுச்சு. பத்து வருஷம்கூடத் தாங்கலை.

அடுத்த முயற்சி 1927ல். அதே ஹார்வர்டு, ஆனா இந்தத் தடவை எம்.பி.ஏ. சொல்லித்தர்ற வணிகப் பள்ளியின் அடித்தளத்தில்! பேரு 'களைப்பு ஆய்வுக்கூடம்'. ஆலைத் தொழிலாளி ஏன் சோர்ந்து போறான்ங்கறதுதான் கேள்வி. இயக்குனர் ஹெண்டர்சன். பிளஸ் டூ வேதியியலில் பஃபர் கரைசலுக்கு ஒரு சமன்பாடு மனப்பாடம் பண்ணினோமே, அதுல வர்ற ஹெண்டர்சனேதான். தினசரி ஆய்வு வேலையெல்லாம் டில் என்ற விஞ்ஞானியின் பொறுப்பு.

பாஸ்டன் மாரத்தானில் ஏழு தடவை ஜெயிச்ச கிளாரன்ஸ் டிமாரை டிரெட்மில்லில் ஓடவிட்டாங்க. மத்தவங்க நாக்குத் தள்ளுற வேகத்திலும் அவர் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ரொம்ப ஏறலை. 1932ல் ஹூவர் அணை கட்டுற இடத்துக்குப் போனாங்க. அதுக்கு முந்தின கோடையில் அங்கே வெயில் தாங்காம தொழிலாளிகள் செத்திருந்தாங்க. வியர்வையில் தண்ணி மட்டுமில்லை, உப்பும் போகுது. உடம்பு வெயிலுக்குப் பழகப் பழக வியர்வையில் உப்பு குறையுதுன்னு அளந்து சொன்னாங்க. வெறும் தண்ணி குடிச்சா பத்தாது, போன உப்பையும் திருப்பிக் கொடுக்கணும். 1935ல் சிலி நாட்டுக்குப் போய், சுமார் 5,300 மீட்டர் உயரத்தில் குடியிருந்துக்கிட்டு தினமும் இன்னும் மேலே ஏறி வேலைக்குப் போற கந்தகச் சுரங்கத் தொழிலாளிகளைச் சோதிச்சாங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்தில் வந்ததுதான் 'ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்ட்'. 20 அங்குல மேடையில், நிமிஷத்துக்கு 30 தடவை வீதம் அஞ்சு நிமிஷம் ஏறி இறங்கணும். அப்புறம் நாடித்துடிப்பு எண்ணணும். நம்மூர் சி.பி.எஸ்.இ. உடற்கல்விப் பாடம் வரைக்கும் வந்த சோதனை இது.

இருபது வருஷத்தில் 300க்கும் மேற்பட்ட ஆய்வுக்கட்டுரைகள். ஆனா 1942ல் ஹெண்டர்சன் இறந்துட்டார். ஆதரவு கொடுத்த வணிகப் பள்ளி டீனும் அதே வருஷம் ஓய்வு பெற்றார். போர் முடிஞ்சதும் ராணுவப் பணமும் நின்னது. 1947ல் கடையைச் சாத்திட்டாங்க. அப்போ ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், ஒரு வேதியியல் பேராசிரியர்.

இப்போ 1963. அதே கோனன்ட் அமெரிக்க ஆசிரியர் கல்வியைப் பத்தி ஒரு புத்தகம் எழுதறார். இந்தக் கல்வி எவ்வளவு மோசம்னு காட்டணும்னா, உடற்கல்வி மேற்படிப்புப் பாடங்களின் விவரத்தை எடுத்துப் போட்டாலே போதும்கற அளவுக்குக் கிழிச்சுட்டு, இந்த மேற்படிப்புகளையே மூடிடலாம்னு பரிந்துரை. அதாவது, சித்தப்பா கட்சி!

கோபம் வரும்தானே? ஆனா பெர்க்லியில் உடற்கல்வித் துறையில் இருந்த ஃபிராங்க்ளின் ஹென்றி வேற மாதிரி யோசிச்சார். அவர் படிச்சது உளவியல். அசைவு சிக்கலாக ஆக, அதைத் தொடங்கவே மூளைக்குக் கூடுதல் நேரம் பிடிக்குதுன்னு 1960ல் சோதனை பண்ணிக் காட்டினவர். அதுக்கு அவர் கொடுத்த உவமை, அந்தக் காலக் கம்ப்யூட்டரின் டிரம் மெமரி. புரோகிராம் பெருசுன்னா லோட் ஆக லேட் ஆகும்னு நமக்குத் தெரியாதா என்ன :-)

1964ல் ஹென்றி எழுதின கட்டுரையின் சாரம் இதுதான்: பயிற்சி கொடுக்க ஆள் தயாரிக்கறது ஒரு வேலை, மனுஷ உடம்பு எப்படி அசையுது, ஏன் களைக்குது, எப்படிக் கத்துக்குதுன்னு தெரிஞ்சுக்கறது ஒரு அறிவுத்துறை. ரெண்டையும் குழப்பாதீங்க. உடலியங்கியல், உளவியல், இயற்பியல், வரலாறு எல்லாத்திலிருந்தும் எடுத்துக்கலாம், ஆனா அந்தத் துறைகள் எதுவும் தனியா இந்தக் கேள்விகளுக்கு முழுசா பதில் சொல்லாது.

அமெரிக்காவில் உடற்பயிற்சி அறிவியல் தனித்துறையா வளர்ந்ததுக்கு அந்தத் திட்டும் இந்தப் பதிலும் முக்கியக் காரணம். களைப்பு ஆய்வுக்கூடத்து ஆட்கள் ஏற்கெனவே இண்டியானா, மின்னசோட்டான்னு பல பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாங்க. விதை மண்ணுக்குள்ள இருந்தது. கோனன்ட் வந்து மண்ணைக் கிளறிவிட்டார், அவ்வளவுதான்.

அவர் கேள்வி தப்பில்லைன்னுதான் எனக்குத் தோணுது. அதனால தம்பிகிட்டயும் அதையே கேட்டேன். "அங்க சோதனைக்கூடம் இருக்கா? எதை அளக்கச் சொல்லித் தர்றாங்க? உனக்குன்னு ஒரு கேள்வி இருக்கா?"

"இருக்குண்ணே. அப்பாவுக்கு பைபாஸ் முடிஞ்சப்போ டாக்டர் தினம் வாக்கிங் போங்கன்னார். மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம்னு எழுதிக் கொடுத்தவர், நடைக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு நேரம்னு எழுதலையே? அதை யார் கணக்குப் போடறாங்களோ அவங்ககிட்ட படிக்கணும்."

எனக்குப் பேச்சு வரலை.

அன்னிக்கு ராத்திரியே சித்தப்பாவுக்குப் போன் போட்டு, ஹார்வர்டுலேர்ந்து பெர்க்லி வரைக்கும் மூச்சு விடாம சொன்னேன், தம்பி சொன்னதைத் தவிர. அதை அவனே சொல்லட்டும். எல்லாத்தையும் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம் மெதுவா கேட்டார்.

"ஏண்டா, அந்த அணைக்கட்டு ஆளுங்களுக்கு உப்பு சேர்க்கச் சொன்னாங்கன்னியே, என்னை மட்டும் டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்றாரே?"

"அதைத்தான் சித்தப்பா, அவன் படிக்கப் போறேங்கறான்."