எரிமலை இல்லாத ஊரிலும் பூமிச் சூட்டில் மின்சாரம்... எப்படி சாத்தியம்? என்ன ஆபத்து?

ராத்திரியில் சோலார் வேலை செய்யாது. காத்து அடிக்காவிட்டால் காற்றாலை நின்றுவிடும். ஆனால் பூமிக்கு அடியில் இருக்கும் சூடு 24 மணி நேரமும் அப்படியே இருக்கும். அதை மின்சாரமாக்கும் புது முறைதான் 'மேம்படுத்தப்பட்ட புவிவெப்ப ஆற்றல்'.

பழைய முறையில் என்ன சிக்கல்?

பூமிக்குள் போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடும். ஆனால் மின்சாரம் எடுக்க சூடு மட்டும் போதாது. பாறையில் விரிசலும், அதில் தண்ணீரும் இருக்க வேண்டும். ஐஸ்லாந்து, இந்தோனேசியா போன்ற எரிமலை நாடுகளில் இது இயற்கையாகவே அமைந்திருக்கிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் வெறும் காய்ந்த பாறைதான்.

புது முறை எப்படி வேலை செய்கிறது?

விரிசலை நாமே உண்டாக்குவதுதான் இதன் அடிப்படை. ஆழமாக ஒரு கிணறு தோண்டி, அதிக அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தினால் சூடான பாறையில் விரிசல் விடும். பக்கத்தில் இன்னொரு கிணறு. முதல் கிணற்றில் இறக்கும் குளிர்ந்த தண்ணீர், விரிசல் வழியாக சூடேறி இரண்டாவது கிணற்றில் மேலே வரும். அந்தச் சூட்டில் டர்பைன் சுற்றும். ஆறிய தண்ணீர் மறுபடியும் உள்ளே போகும்.

இப்போது ஏன் பேசப்படுகிறது?

1970-களிலேயே அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆனால் கெட்டியான பாறையைத் துளைக்க செலவு அதிகம். ஷேல் எண்ணெய் எடுக்க வளர்ந்த தொழில்நுட்பம்தான் நிலைமையை மாற்றியது. கிணற்றைக் கீழே கொண்டுபோய் பக்கவாட்டில் திருப்புவது அதில் முக்கியமானது. ஃபெர்வோ எனர்ஜி நிறுவனம் 2023-ல் நெவாடாவில் நடத்திய 30 நாள் சோதனையில், 3.5 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் அளவுக்கு வெப்பம் கிடைத்தது. அடுத்து யூட்டாவில் 500 மெகாவாட் இலக்குடன் ஒரு திட்டத்தில் இறங்கியது. செலவு குறைந்தால் 2050-க்குள் உலக அளவில் 800 கிகாவாட் வரை சாத்தியம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை.

நிலநடுக்கம் வருமா?

வந்திருக்கிறது. பூமிக்குள் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பிளவுகளில் தண்ணீர் அழுத்தம் கூடினால், அவை நழுவும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006-ல் 3.4 அளவில் நில அதிர்வு ஏற்பட, அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. தென் கொரியாவின் போஹாங்கில் 2017 ஏப்ரலில் 3-ஐத் தாண்டிய அதிர்வு ஒன்று பதிவானது. அதன் பிறகும் தண்ணீர் செலுத்தும் வேலை நடந்தது. நவம்பரில் 5.4 அளவில் நிலநடுக்கம். பலர் காயமடைந்தனர், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். இந்தத் திட்டமே நிலநடுக்கத்தைத் தூண்டியது என்று 2019-ல் அரசு நியமித்த ஆய்வுக் குழு அறிவித்தது.

தீர்வு என்ன?

பிளவுகள் இருக்கும் இடத்தை முன்கூட்டியே கண்டறிந்து ஒதுங்குவது, நகரங்களுக்குத் தள்ளி தோண்டுவது, கருவிகள் வைத்து அதிர்வை நொடிக்கு நொடி கவனிப்பது, அளவு மீறினால் உடனே பம்ப்பை நிறுத்துவது. சின்ன அதிர்வு வந்ததுமே வேலையை நிறுத்தும் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதுதான், இனி வரும் ஒவ்வொரு திட்டத்திலும் மக்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.